கீழே இறக்கச் சொன்னவன்

கடலுக்குள் இறங்கினால் வீட்டை மறந்துவிடும் என் அருள் அண்ணனுக்கு,

நலமா என்று எழுதக் கை போகிறது. பழகிய கை, அதற்கு என்ன தெரியும்? அம்மா நலம். முட்டுவலிக்கு நான் கொடுக்கும் மாத்திரையை ஜன்னலில் வைத்துவிட்டு, தைலம்தான் தேய்க்கிறாள். டாக்டருக்குப் படித்தவள் வீட்டில் என் வைத்தியம் எடுபடாத ஒரே நோயாளி அவள்தான்.

நேற்று கல்லறைத் திருநாள். உன் கல்லறையைக் கழுவி, செவ்வந்திப் பூ பரப்பி, மெழுகுதிரி ஏற்றினோம். மழைக்காற்று ஒன்றையும் நிற்க விடவில்லை. ஏற்றுவதும் அணைவதுமாக ஒரு தீப்பெட்டியே காலி. அங்கேதான் உன் கூட்டாளி கஸ்பார் அண்ணனைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் உனக்கு வேறொரு கதை சொல்ல வேண்டும்.

நீ போகும்போது நான் மருத்துவக் கல்லூரியில் இருந்தேன். இப்போது அரசு ஆஸ்பத்திரியில் வேலை. இந்த வருஷம் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு மடகாஸ்கர் தீவில், கடலோரத்தில் ஒரு சின்ன மருத்துவமனைக்குச் சம்பளமில்லாத சேவைக்குப் போனேன். பல நாட்டு டாக்டர்கள் அங்கே இருந்தார்கள். ஐந்து நாள் வேலை. மலேரியா, பிரசவம், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்று நிமிர நேரம் இருக்காது. சனி, ஞாயிறு வந்தால் எல்லோரும் ஒரு பழைய வேனில் ஏறி ஊர் சுற்றக் கிளம்பிவிடுவோம்.

போகும் இடத்தையெல்லாம் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பருத்த அடியும் உச்சியில் மட்டும் கொஞ்சம் கிளையுமாக நிற்கும் மரங்களைப் பார்த்துவிட்டு, "ஏளா, என்ன மரத்தைத் தலைகீழா நட்டு வச்சிருக்கான்?" என்று போனில் கேட்டாள். தெரு முழுக்க அந்தப் படங்களைக் காட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா மட்டும், "கித்தேரியம்மா, ஒம்ம மவ வைத்தியம் பாக்கப் போனாளா, டூர் போனாளா?" என்று கேட்டாளாம். கேட்க வேண்டிய கேள்விதான். அங்கே எனக்கே அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

பிறகு படங்கள் நின்றுவிட்டன. ஏன் என்று அம்மா கேட்டதற்கு மழை என்றேன். மழையெல்லாம் இல்லை, அண்ணே.

அந்தச் சனிக்கிழமை ஆமைகள் முட்டையிடும் ஒரு தீவைப் பார்க்கப் போயிருந்தோம். திரும்பும்போது குடிதண்ணீர் வாங்குவதற்காகப் படகை ஒரு மீனவர் ஊரில் ஒதுக்கினார்கள். கரையில் கூட்டம். யாரும் பேசாமல், எல்லோரும் கீழே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் கடற்கரையில் அப்படிக் கூட்டம் நின்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் முழங்கால் தண்ணீரிலேயே குதித்து ஓடினேன்.

மணலில் ஒருவன் கிடந்தான். பெயர் சஃபி. வெளிநாட்டுக்கு விற்கிற கடல் அட்டை எடுக்க மூழ்குகிறவன். நீ சங்கு எடுக்கப் போனது போலவேதான்: படகில் காற்று அடைக்கும் மோட்டார், வாயில் ஒரு ரப்பர் ஓஸ், வேறு ஒன்றும் கிடையாது. அன்று ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்திருக்கிறான். படகில் ஏறி உட்கார்ந்ததும் கால் மரத்துப்போயிருக்கிறது. நான் இடுப்புக்குக் கீழே கிள்ளினேன், ஊசியால் குத்தினேன். அவனுக்குத் தெரியவேயில்லை. ஆனால் தெளிவாக இருந்தான். என்னோடு வந்திருந்த நர்ஸ் லாலாவிடம் ஏதோ கெஞ்சினான். அவள் எனக்குச் சொன்னாள்: "என்னைத் திரும்பக் கீழே இறக்குங்கள் என்கிறான். கீழே போனால் கால் வந்துவிடுமாம்."

அவன் அண்ணன் தம்பிகள் ஏற்கெனவே மோட்டாருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் டாக்டர் என்று லாலா சொன்னதும் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த காற்று, வேகமாக மேலே வந்தால் குமிழியாகி நரம்பைக் கெடுக்கும். திரும்ப ஆழத்துக்குப் போனால் குமிழி சுருங்கும். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்கென்றே காற்றழுத்த அறை இருக்கிறது. அது இல்லாத இடத்தில் கடலையே அறையாக்கிக்கொள்கிறார்கள். ஆனால் கால் மரத்தவனைக் கடலுக்குள் இறக்கினால் மூழ்கியும் போகலாம், இன்னும் மோசமாகவும் ஆகலாம். இறக்காதே என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். லாலா யார் யாருக்கோ போன் போட்டாள். காற்றழுத்த அறைக்கு விமானத்தில் கொண்டுபோக வேண்டும், திங்கட்கிழமை பேசலாம் என்றார்கள்.

புத்தகம் சொன்னது ஒருபக்கம் கிடக்கட்டும். அந்த மணலில் எனக்கு ஞாபகம் வந்தது நீதான். கால் மரத்து ஏறிய உன்னையும் உன் கூட்டாளிகள் திரும்ப இறக்கினார்கள். வீட்டுக்கு உன் உடம்புதான் வந்தது. இறக்கியதால் செத்தான் என்றே இத்தனை வருஷமும் வீட்டில் பேசிக்கொண்டோம். அம்மா அப்படித்தான் அழுதாள். நானும் அதையே நம்பினேன்.

"வேண்டாம், இறக்காதீர்கள்" என்றேன்.

படகை அனுப்பி எங்களிடமிருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை வரவழைத்தேன். படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, சிலிண்டர் தீரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான். சஃபி பிழைத்தான். கால் வரவில்லை. திங்கட்கிழமையும் வந்தது, விமானம் வரவில்லை.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் வேன் ஒரு பக்கம் போகும், நான் சஃபி வீட்டுக்குப் போவேன். முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கவும், குழாய் வைத்து மூத்திரம் எடுக்கவும் அவன் மனைவி நோரோவுக்குக் கற்றுக்கொடுத்தேன். சஃபிக்குப் பேச்சுதான் பொழுது. உங்கள் ஊரில் என்ன எடுப்பீர்கள் என்று கேட்டான். சங்கு என்றேன். தின்பீர்களா என்றான். இல்லை, அறுத்து வளையல் செய்வார்கள் என்றதும் கண்ணில் நீர் வரச் சிரித்தான். "நீங்கள் கடல் அட்டை தின்பீர்களா?" என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தான். அதைத் தின்கிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள், அவன் அவர்களைப் பார்த்ததே இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின வாரம் நோரோ கேட்டாள். வாசலில் துணி பிழிந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டாள். "அன்று இறக்கியிருந்தால் நடந்திருப்பாரா?"

தெரியாது என்றேன். லாலா அதை அவர்கள் பாஷையில் சொன்னாள். எந்தப் பாஷையில் சொன்னாலும் அது கையாலாகாத சொல்தான். நோரோ தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.

இனி நேற்றைய கதை. கஸ்பார் அண்ணன் இப்போது மூழ்குவதில்லை. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறார். வருஷம் தவறாமல் உன் கல்லறைக்கு ஒரு மெழுகுதிரி கொண்டுவருகிறார். அம்மா சித்தி கல்லறைப் பக்கம் போன நேரம் பார்த்து அவரிடம் கேட்டேன். "அண்ணே, அன்னைக்கு அருள் அண்ணன இறக்குனதும் என்ன ஆச்சு?"

அவர் கையிலிருந்த மெழுகுதிரியைக் கல்லறையில் வைத்தார். "இத்தன வருசத்துல நீதாம்ளா கேக்க. ஒங்கம்மை கூட கேக்கல."

"சொல்லுங்கண்ணே."

"நானுந்தான் கூட எறங்குனேன். போவப் போவ அவனுக்கு வலி விட்டுட்டு. காலை ஆட்டுனாம்ளா. என் கையப் பிடிச்சு அமுக்கி, சரியாயிட்டுன்னு காட்டுதான். சிரிச்சாம்னே வச்சுக்கயேன்."

"பொறவு?"

"மேல மோட்டாரு நின்னுட்டு. பெல்ட்டு அந்து போச்சு. ரெண்டு பேருக்கும் காத்து இல்ல. நான் அவனை இழுத்துட்டுதான் ஏறுனேன். பாதியில கை நழுவிட்டு. நான் மேல வந்துட்டேன், அவன் வரல." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னார். "எறக்குனதுல அவன் சாவலளா. அது அவனுக்குச் சரியாத்தான் வந்துச்சு."

அவர் தோளைத் தொட்டேன், அவ்வளவுதான். அம்மா திரும்பி வந்தாள், அவர் அணைந்துபோன திரியை ஏற்றுவதுபோலக் குனிந்துகொண்டார். அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. சொன்னால், நீ வலியில்லாமல் இருந்தாய் என்று நிம்மதிப்படுவாளா? இல்லை, ஒரு பெல்ட்டு அறுந்ததற்கா என் பிள்ளை என்று மறுபடி முதலிலிருந்து அழுவாளா? நீயே சொல்லேன்.

எனக்கு உன்மேல் கோபம் கூட வருகிறது, அண்ணே. நீ செத்ததை வைத்துத்தான் சஃபியை நான் தடுத்தேன். நீயோ அங்கே காலை ஆட்டியிருக்கிறாய். ஆனால் சஃபி படகில் இருந்த மோட்டாரையும் நான் பார்த்தேன். துருப்பிடித்து, கயிற்றால் கட்டி வைத்த மோட்டார். அன்று அதுவும் நின்றிருந்தால்? இறக்கு என்று நான் சொல்லி அவன் உடம்பு மட்டும் வந்திருந்தால், நோரோ முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன்? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இத்தனை படித்தும் அன்று என் கையில் இருந்தது ஒரே ஒரு சிலிண்டரும் ஒரு பயமும்தான்.

அடுத்த விடுப்பில் திரும்பப் போகிறேன். ஊர் சுற்ற இல்லை. சஃபியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கஸ்பார் அண்ணன் சொன்னதை ஒன்றுவிடாமல் சொல்வேன். வலி விட்டதையும் சொல்வேன், பெல்ட்டு அறுந்ததையும் சொல்வேன். அவன் என்னைத் திட்டினால் திட்டட்டும், பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டால் திரும்பிக்கொள்ளட்டும். தன் உடம்பைப் பற்றி அவன் அன்று சொன்னது உண்மை என்று, வேண்டாம் என்று தடுத்த நானே அவனிடம் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன்னிடம் கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் தவிக்கும்
உன் தங்கச்சி ஜெனி