ஈரம் தெரியாத நிறம்

மார்ச் 4, செவ்வாய்
கண் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் மனைவி, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள். ஓட்டுநர் உரிமத்துக்காகப் பார்வைச் சோதனைக்கு வந்த ஒருவர், எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார். அன்று பார்த்துப் பலகையை மாற்றியிருந்தார்கள். மனிதர் பழையதைக் கணீரென்று ஒப்பித்திருக்கிறார். இவள் கையைக் கட்டி, கண்ணைச் சுருக்கி, அவராகவே நின்றாள்.

நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

காரணம் அறிவியல்பூர்வமானது. சிரித்தால் இருமல் வரும். என் நுரையீரல் இன்னும் ஒழுங்காகச் செய்யும் ஒரே வேலை அது. இருமினால் சிறுநீர் சொட்டும். சில நாள் சொட்டோடு நிற்பதுமில்லை.

"வரவர மூஞ்சி செவுரு மாதிரி ஆயிடுச்சு உங்களுக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மார்ச் 7
இன்றும் கறுப்பு பேன்ட். ஈரம் தெரியாது. "துக்க வீட்டுக்கா சார்?" என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆமாம் என்றேன்.

மார்ச் 10
குடிநீர் வாரியத்தில் ஓய்வு பெறும்வரை குழாய்க் கசிவு கண்டுபிடித்தவன் நான். கசிவை அடைக்க முடியாவிட்டால் நீர்வரத்தை நிறுத்து என்பது துறையின் பாலபாடம். ஆகவே தண்ணீரைக் குறைத்துவிட்டேன். மாத்திரை விழுங்க ஒரு மடக்கு. அதற்கு மேல் அனுமதி இல்லை.

மார்ச் 15
துறையின் மற்ற திட்டங்களைப் போலவேதான் இதுவும் முடிந்தது. சளி பசையாக இறுகிவிட்டது. அதைக் கிளப்ப முன்னைவிடப் பலமாக இரும வேண்டியிருக்கிறது. இருமினால் — மேலே காண்க.

"தண்ணி நல்லா குடிக்கிறீங்களா?" என்றார் டாக்டர். பக்கத்தில் இவள்.
"குடிக்கிறேன்."
"வேற ஏதாவது தொந்தரவு?"
"இல்ல."

மார்ச் 19
அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்தவில்லை.

"நான் வாயத் தொறந்தாலே எழுந்து போயிடறாருக்கா. சண்டை போட்டாக்கூடப் பரவால்ல. அவருக்கு நான் சலிச்சுப் போயிட்டேன் போல."

சலிச்சுப் போறதா? இவளா? கல்யாணமான புதுசுல இவ அடிச்ச கூத்துக்கு நான் சிரிச்ச சிரிப்புல தியேட்டர்லேர்ந்து ரெண்டு பேரையும் வெளிய அனுப்பினாங்களே — போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? என்னன்னு சொல்றது?

மார்ச் 26
டாக்டர் அனுப்பிய மூச்சுப் பயிற்சி வகுப்பு. பயிற்சி தரும் பெண், ஜன்னலைத் திறக்கட்டுமா என்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார்: "இருமும்போது யாருக்காவது யூரின் கசியுதா?"

அத்தனை ஆண்களும் கூரையைப் படித்தோம்.

பக்கத்து நாற்காலியில் முன்னாள் டாக்சிக்காரர். இருமல் வந்ததும் காலைக் குறுக்கே போட்டு இறுக்கிக்கொண்டார். நான் ஏற்கெனவே அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என் காலைப் பார்த்தார்.

"சாருக்கும் பிரேக் பிடிக்கலையா?"

பயிற்சிப் பெண் விளக்கினார்: ஓயாத இருமல் சிறுநீரைத் தாங்கும் தசைகளைத் தளர்த்திவிடுமாம். அடக்குவதுபோல் அவற்றை இறுக்கிக்கொண்டு, பிறகு இருமப் பழக வேண்டும். தினமும் பயிற்சி. பலன் தெரிய மாதங்கள் ஆகும்.

"தண்ணியக் குறைக்காதீங்க. டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லுங்க. வீட்டுலயும் சொல்லுங்க."

வீட்டுலயும்.

மார்ச் 30
"அந்த மனப்பாட ஆசாமி திரும்ப வந்தாரா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"வந்தாரு," என்றாள். துணி மடித்துக்கொண்டே இருந்தாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 5
கட்டில்மேல் பெட்டி. "அக்கா வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். உங்களுக்கும் சத்தமில்லாம நிம்மதியா இருக்கும்."

சொன்னேன். பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, விசாரணைக் கமிஷன் முன் நிற்பவனைப் போல, எல்லாவற்றையும் சொன்னேன்.

பெட்டியைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"இதுக்கா?" என்றாள். அழுதாள். அப்புறம் கோபம் வந்தது. "அதான் உங்க துணிய நீங்களே துவைச்சீங்களா? மனுஷன் திருந்திட்டாருன்னு அக்காகிட்டப் பெருமை வேற அடிச்சேன்!"

போய் ஒரு பழைய துண்டை எடுத்து வந்து, மடித்து, என் நாற்காலியில் போட்டாள். உட்கார்ந்தேன். எதிரே வந்து கையைக் கட்டி நின்றாள். கண்ணைச் சுருக்கினாள்.

"இறுக்கிக்கிட்டீங்களா?"
"ம்."
"அந்த ஆளு புதுப் பலகையையும் மனப்பாடம் பண்ணிட்டு வந்தாரு. நாங்க மறுபடி பழச மாட்டிட்டோம். 'மேடம், மொதல்ல நீங்க ஒரு முடிவுக்கு வாங்க'ங்கறாரு!"

ஏப்ரல் 6
மூச்சு அப்படியேதான், மாடிப்படி முடியவில்லை. தசையும் நேற்றுக் கைகொடுக்கவில்லை. துண்டு இன்னும் காயவில்லை.

இன்று சாம்பல் நிற பேன்ட்.