எழுத்தில் ஆட்சேபனை இல்லை

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
17.11.2007, சனிக்கிழமை

அன்பின் அனுஷாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் அனுஷாவும் சுகம். உங்கள் உடம்பை மாதா பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் பேனாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படி இந்தமுறை மன்றாடியிருக்கிறேன்.

ஒன்பது வருடங்களுக்கு முன் நீங்கள் அந்தத் தீவு நாட்டுக்கு இந்த வேலையை ஏற்றுப் போனபோது, குகதாசன் ரயிலில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அக்கா, பிலேந்திரன் அண்ணர் சட்டமா அதிபர் எண்டா அரசாங்கத்தின்ரை வக்கீல்தானே. அப்ப அரசாங்கம் கேக்கிறதுக்கு ஓம் எண்டு எழுதிக் குடுக்கிறதுதானே அவற்றை வேலை?" நான் வைத்தியரை உதாரணம் காட்டினேன். வைத்தியருக்குச் சம்பளம் தருவது நோயாளிதான். அதற்காக நோயாளி விரும்புகிறார் என்று காய்ச்சல் இல்லையென்று சொல்லலாமா? வெப்பமானி காட்டுவதைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். குகதாசன் ஒப்புக்கொண்டார். எனக்கும் என் உதாரணத்தில் பெருமைதான்.

நேற்று மறுபடி அதே ரயிலில் அவரைக் கண்டேன். அண்ணர் எப்படி என்று கேட்டார். உங்கள் மேல் இருந்த எரிச்சலில், பிரதமர் வீட்டு மீன் சாப்பாடு முதல் வானொலி அறிவிப்பு வரை முழுவதையும் சொல்லிவிட்டேன். உங்கள் வானொலியிலேயே வந்த விஷயம், இரகசியம் ஒன்றுமில்லை. அவர் கேட்டுவிட்டு, "அப்ப டொக்டர் காய்ச்சலைப் பாத்திட்டு, ஒண்டும் எழுதாமல், மீனைச் சாப்பிட்டு வாயைத் துடைச்சுக்கொண்டு எழும்பிப் போட்டாராக்கும்" என்றார். பெட்டியில் இருந்த மற்றத் தமிழ்ச் சனமும் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது.

வியாழக்கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். பிழை என்றால் திருத்துங்கள்.

உங்கள் பிரதமருடைய பக்கத்திலிருந்து இரண்டு உறுப்பினர்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். பாராளுமன்றம் கூடினால் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவர் தோற்பார். ஆகவே கூட்டாமல் விடப் பார்க்கிறார். புயற்காலம், வெளித்தீவு உறுப்பினர்களுக்குக் கப்பல் இல்லை என்பது சாட்டு. ஆனால் கடைசி அமர்விலிருந்து தொண்ணூறு நாட்களுக்குள் கூட்ட வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்தத் தொண்ணூறு வருகிற வெள்ளியோடு முடிகிறது. அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்களைத் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தள்ளிப்போடலாமா என்று கேட்டார். நீங்கள் முடியாது என்று சொன்னதாகச் சொல்கிறீர்கள். வியாழன் காலையில் அவர் வானொலியில், சட்டமா அதிபர் இதற்கு எழுத்தில் எந்த ஆட்சேபனையும் தெரிவிக்கவில்லை என்று அறிவித்தார்.

அது பொய்யில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் எழுதவில்லை.

சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுங்கள் என்று நான் மூன்று தரம் கேட்ட பிறகுதான், "இது அவ்வளவு லேசான காரியமில்லை" என்று சொன்னேன் என்றீர்கள். கடவுளே! வேறு ஒரு பதிலுக்காகக் காத்திருக்கும் மனிதரிடம், அதுவும் அவருடைய மேசையில், அவருடைய மனைவி பொரித்த மீனைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிற முறையா இது? அவர் உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார். நீங்கள் தட்டைப் பார்த்திருப்பீர்கள்.

ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். முகத்துக்கு நேரே சொன்னது போதும், பிறகு அதைக் கடிதமாக்கி அனுப்புவது அவரை அவமானப்படுத்துவது போலிருக்கும் என்றீர்கள். உங்கள் நாட்டின் சனத்தொகை பதினோராயிரம். ஏறத்தாழ இந்த ஹொல்ம்லியாவில் இருக்கிற சனம். பிரதமர் கோவிலில் உங்களுக்கு முன் வாங்கில் இருக்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் பாடகர் குழுவை நடத்துகிறார். சபாநாயகரின் மகள் உங்கள் காரியாலயத்தில் தட்டெழுதுகிறாள். இப்படிப்பட்ட இடத்தில் முடியாது என்று எழுதுவது கஷ்டம் என்பது எனக்கு விளங்குகிறது. நானும் அங்கே இரண்டு கோடைகாலம் இருந்தவள்தானே. அந்தத் தட்டெழுதுகிற பெண் எனக்கு ஈரப்பலாக்காய் கொண்டுவந்து தந்ததை மறக்கவில்லை. ஆனால் சின்ன இடம் என்பதற்காகத்தானே வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள்? யாருக்கும் மைத்துனராக இல்லாத ஒருவர் வேண்டும் என்று. நீங்களோ ஒன்பது வருடத்தில் எல்லோருக்கும் மைத்துனராகிவிட்டீர்கள்.

எங்கள் குடியிருப்பின் கதையைக் கேளுங்கள். போன மாதம் சங்கத்தின் பொதுக்கூட்டம். தலைவர் நல்ல மனிதர், எனக்குப் பனியில் வழுக்காமலிருக்க வாசலில் மண் தூவித் தருகிறவர். உடுப்புக் காயவிடும் அறையைத் தன் மகனின் இசைக்குழுவுக்குக் கொடுக்க விரும்பினார். சங்கத்தின் சட்ட ஆலோசகர் ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டு முன்வரிசையில் இருந்தார். மேல்மாடி நோரா, எழுபத்தெட்டு வயது, அவதான் கூட்ட அறிக்கை எழுதுகிறவ, எழுந்து நின்று வாசித்தா. முதல் வரி: முடியாது. அதன் கீழே விதி இலக்கம், நாலு வரிக் காரணம், கையொப்பம். தலைவரின் முகம் சிவந்துதான் போனது. பத்து நிமிடம் கழித்து அவரும் அந்த ஆலோசகரும் ஒரே தட்டிலிருந்து வாஃபிள் பணியாரம் எடுத்துச் சாப்பிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர்களுக்குச் சாப்பாடு வேறு, தாள் வேறு. காயவிடும் அறைக்கே இவ்வளவு என்றால் ஒரு பாராளுமன்றத்துக்கு எவ்வளவு வேண்டும்?

இது இவர்களின் பழக்கம், எங்களுடையது அல்ல என்று சொல்ல வருவீர்கள். சொல்ல வேண்டாம். எங்கள் கலியாணம் முடிந்த முதல் வருடத்தை நினைத்துப் பாருங்கள். நான் கணக்குப் படிப்பித்த மடத்துப் பள்ளியில் அதிபரின் பெறாமகள், அவவின் தங்கையின் பிள்ளை, கணக்கில் பதினெட்டுப் புள்ளி எடுத்திருந்தாள். எப்படியாவது வகுப்பேற்றி விடும்படி அதிபர் கேட்டா. வாயால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் உங்களிடம் வந்தேன். அப்போது நீங்கள் சட்டை கசங்காத புதிய வக்கீல். என்ன சொன்னீர்கள் என்று எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "வாயாலை சொன்னா நாளைக்கு நீர் ஓம் எண்டனீர் எண்டுவினம். எழுதும். எழுதிப்போட்டு ஒரு பிரதி எடுத்து வையும்." எழுதினேன். அதிபர் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அடுத்த வருடம் புலமைப்பரிசில் தாள்களைத் திருத்த ஒருவர் வேண்டும் என்றபோது அவ முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

அந்தப் பிரதி இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அந்தப் புத்தி சொன்ன மனிதர் எங்கே போனார் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இடையில் வீட்டுச் செய்தி. முதற்பனி புதன்கிழமை விழுந்து அன்றே கரைந்துவிட்டது. அனுஷாவுக்கு இந்தக் கிழமை முழுவதும் வைத்தியசாலையில் காலை வேலை. உங்கள் இரத்த அழுத்தக் குளிசை முடியப்போகிறது என்று அவள்தான் கணக்கு வைத்திருக்கிறாள். அடுத்த பொதியில் வரும். ரொம்மனில் யோகா அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கேயும் உங்களைத்தான் கேட்டார்கள். மகனின் விசா விஷயத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல முடியுமாம். நோர்வேயின் சட்டத்தில் உங்களுக்கு ஒரு கதிரையும் இல்லை என்று இத்தனை வருடம் விளக்கியும் பயனில்லை. அந்த ஊரில் அரசாங்கத்தின் ஆள் என்றால் இந்த ஊரிலும் ஆள்தான் என்கிறார்கள். விட்டுவிட்டேன்.

இனி முக்கியமான விஷயம். எழுதினால் மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னீர்கள். அதைக் கேட்டபோது எனக்குக் கவலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சமையலறைச் சன்னலடியில் உங்களுக்கென்று ஒரு கதிரை போட இடம் இருக்கிறதா என்றுதான் திரும்பிப் பார்த்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்தப் புத்தியை நான் எனக்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்தாலும் பரவாயில்லை. சபாநாயகர் உங்கள் கடிதம் ஒன்று கையில் கிடைத்தால் தானே உறுப்பினர்களை அழைக்கத் தயார் என்று சொன்னதாக நீங்களே சொன்னீர்கள். கப்பலுக்கு மூன்று நாள் போதும் என்றும் சொன்னீர்கள். அமைச்சரவை செவ்வாய்க்கிழமை கூடுகிறது. அதற்குப் பிறகு எழுதுகிற கடிதம் உங்கள் மனச்சாட்சிக்கு மட்டும்தான் உதவும். அந்தச் சனத்துக்கு உதவாது. எவ்வளவு நல்ல சனம் அது.

தபாலில் போட்டால் இது மூன்று கிழமை எடுக்கும். நாளைக் காலை அனுஷா வேலையிடத்திலிருந்து உங்கள் காரியாலயத்துக்கு ஃபாக்ஸ் பண்ணுவாள். அங்கே தமிழ் வாசிக்க உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதால் மனம் விட்டு எழுதியிருக்கிறேன். எனக்குத் தொலைபேசி எடுத்து விளக்கம் சொல்ல வேண்டாம். நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கினால் நான் இளகிவிடுவேன், அது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் இங்கே எங்களோடு வந்திருக்க ஈஸ்டருக்கு முன் நான் அனுப்பிய வதிவிட அனுமதிப் படிவமும் உங்கள் மேசை லாச்சியில்தான் இருக்கும். எட்டு மாதமாக "பாப்பம், பாப்பம்" என்கிறீர்கள். பிரதமருக்குக் கிடைத்த அதே பதில்தான் எனக்கும். நான் மட்டும் அதை வானொலியில் அறிவிக்கவில்லை.

தேவன் உங்கள் கைக்கு நடுக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். செய்ய வேண்டியது சின்ன வேலைதான். ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். முதல் வரியில் "முடியாது" என்று மட்டும் எழுதுங்கள். காரணங்களை அதற்குக் கீழே வையுங்கள். கையொப்பம் இட்டுச் சபாநாயகரின் மகளிடம் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேனாவை மூட முன்னர் லாச்சியைத் திறந்து என் படிவத்தை எடுங்கள். ஓம் என்றால் கையொப்பம். இல்லையென்றால் அதிலும் முடியாது என்று எழுதி அனுப்புங்கள். எதுவானாலும் எழுத்தில் தாருங்கள்.

உங்கள்
யோசெப்பின்