தளிகை கைமாறிய வாரம்

1995, பிப்ரவரி 19, ஞாயிறு

காலையில் லேசான குளிர். எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. பெருமாள் பாத்திரம் அத்தனையும் புளி போட்டுத் தேய்த்தேன். வட்டில், தீர்த்தச் சொம்பு, இரண்டு விளக்கு, மணி. மணியின் நாக்கில் இன்னும் கொஞ்சம் பச்சை. நாளை மறுபடி.

தேய்த்துக்கொண்டிருக்கும்போது மருமகள் ஜெயஸ்ரீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, புதன்கிழமை நான் சமாஸ்ரயணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். ஸ்வாமி மடத்துல பத்து நாள் இருக்காராம்."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இதுவரை தோன்றவில்லை. அவள் பிறந்த வீடு பெங்களூர்; அங்கே இதெல்லாம் யார் பார்த்தார்கள்? "நல்லது" என்றேன். நல்லதுதானே.

ஆனால் அடுத்தது என்னவென்று எனக்குத் தெரியும். சமாஸ்ரயணத்தில் தோளில் சங்கு சக்கர முத்திரை ஏறாதவள் பெருமாளுக்குச் சமைக்கிற தளிகையைத் தொடக்கூடாது. அதனால் இந்த ஆத்தில் அடுப்பு இதுநாள் வரை என் கை மட்டும். அவள் காய் நறுக்குவாள், மாவு அரைப்பாள், அவ்வளவுதான். புதன்கிழமைக்கு அப்புறம்?

மகன் ரங்குவுக்கு வாயெல்லாம் பல். "அம்மாவுக்கும் இனிமே ரெஸ்ட்!" என்றான். ஆபீஸில் கிழவர்களை அனுப்பும்போது சொல்கிற குரல்.

பிப். 20, திங்கள்

மணியின் பச்சை போயிற்று. எலுமிச்சை மூடி.

என் மாமியார் கடைசி மூச்சு வரை கரண்டியை விடவில்லை. எனக்குத் தளிகை வந்தது முப்பத்தோரு வயதில். பதின்மூன்று வருஷம் வாசற்படியில் நின்று பார்த்துக் கற்றது. இவளுக்கு ஒரு புதன்கிழமை போதுமாம்.

முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு நாள் உப்பு தப்பியதில்லை. பெருமாள் அமுது செய்வதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது, மூக்கருகில் கொண்டுபோகக் கூடாது. எல்லாம் உள்ளங்கைக் கணக்கு. அதை எந்த ஸ்வாமியும் தோளில் பதித்து அனுப்ப முடியாது.

பால்காரன் மறுபடி தாமதம். ஆறு இருபது.

பிப். 22, புதன்

மடத்துக்கு நானும் போனேன். போகாமல் இருந்தால் பேச்சாகும்.

ஹோமத்தில் காய்ச்சிய முத்திரை. வலது தோளில் சக்கரம், இடது தோளில் சங்கு. ஜெ. கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு சத்தம் இல்லை. எனக்கு முத்திரை வைத்த அன்று நான் "அம்மா!" என்று கத்தினேன், என் மாமியார் அதை உறவுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தாள். இவளும் கொஞ்சம் கத்தியிருக்கலாம்.

ஸ்வாமி கேட்டார்: "ஆத்துல தளிகை யாரு?"

ஜெ. சொன்னாள்: "எங்க மாமியார். அவாளைப் பாத்துத்தான் கத்துக்கணும்."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். அவளுடைய அடக்கத்தைத்தான் பார்த்தார்கள் என்று பட்டது.

வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தடவி விட்டேன். சிவந்து, தெளிவாக, புத்தம் புதிதாக இரண்டு முத்திரை. அப்புறம் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் என் தோளைப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு வளைவு, தேடினால் தெரியும். இடது பக்கம் அம்மை குத்திய தழும்பு மட்டும்.

பிப். 23, வியாழன்

எதிர்வீட்டு கோமளா தேங்காய் துருவல் கடன் வாங்க வந்தாள். வந்த வேலை அது இல்லை.

"மாமி, இனி உங்களுக்கு ரஜாதானே?"

லீவாம். யார் கேட்டார்கள்?

"பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர், வீட்டுல இதுவும். எங்க மருமகளுக்கு அடுப்பு எந்தப் பக்கம்னே தெரியாது மாமி. நீங்க புண்ணியம் பண்ணினவா."

துருவல் கொடுத்து அனுப்பினேன். கிண்ணம் திரும்பி வர வேண்டும்.

ஜெ. கவனிக்க வேண்டியவை:
1. அரிசி இரண்டு தரம்தான் களைகிறாள். மூன்று.
2. குக்கர் பழக்கம். வெண்கல உருளியில் கஞ்சி வடிக்கக் கை வரவில்லை.
3. வேலை செய்யும்போது பேச்சு. எச்சில் தெறிக்கும்.
4. ரசம் என்கிறாள். சாத்தமுது!
5. உப்பு ஜாடியை மூடுவதற்கு முன்பே அடுத்த வேலைக்குப் போகிறாள்.

பிப். 24, வெள்ளி

மார்க்கெட்டிலிருந்து முதல் மாவடு. சின்னதாக, காம்போடு. ரங்குவே பொறுக்கி வாங்கி வந்தான். பாதி நன்றாக இருந்தது.

காலைத் திருவாராதனத்தில் பாசுரம் சேவித்தான். மேல் ஸ்தாயியில் குரல் உடைந்து சேவல் மாதிரி போயிற்று. நிறுத்தவும் இல்லை, இன்னும் பலமாக! ஜெ.யும் நானும் சமையலறையில். நான் அவளைப் பார்க்கவில்லை, அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு பேர் தோளும் குலுங்கியது. கடைசியில் அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

"உள்ளே என்ன சிரிப்பு?" என்றான் ரங்கு.

"தும்மல்" என்றேன்.

அப்புறம் நாள் முழுக்க அவளோடு சிரித்துவிட்டேனே என்று இருந்தது.

பிப். 26, ஞாயிறு. ஏகாதசி

பட்டினி. தீர்த்தமும் துளசியும் மட்டும். தலை லேசாகச் சுற்றல். முன்பு இப்படி இல்லை.

சாயங்காலம் ஜெ. கேட்டாள்: "நாளைக்கு துவாதசித் தளிகை நான் பண்ணட்டுமா அம்மா? நீங்க பக்கத்துல இருங்கோ."

ரங்கு என் முகத்தைப் பார்க்கிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? "பண்ணேன்" என்றேன்.

துவாதசி எளிதில்லை. புளி கூடாது. விடிகாலையிலேயே ஆக வேண்டும். எழுதிக் கொடுத்தேன்: பாசிப்பருப்பு. அகத்திக்கீரை. நெல்லிக்காய்த் தயிர்ப்பச்சடி. சேப்பங்கிழங்கு மோர்க்குழம்பு. எலுமிச்சைச் சாத்தமுது.

உப்பின் அளவை எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

பிப். 27, திங்கள். துவாதசி

தெருவில் எல்லா வீட்டிலும் சிவராத்திரி. நமக்கு இல்லை. நமக்கு விரதம் முடிக்கிற பாரணை.

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

ஜெ. நாலரைக்குக் குளித்து ஈரத்தோடு அடுப்பைப் பற்றவைத்தாள். நான் சமையலறை வாசலில் மணை போட்டுத் துளசிமணி உருட்டிக்கொண்டு. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அரிசி மூன்று தரம் களைந்தாள். கஞ்சி ஒரு பருக்கை சிந்தாமல் வடித்தாள். நான் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. வயிற்றில் பசியா எரிச்சலா, தெரியவில்லை.

பருப்புக்கு உப்பு போட்டாள். கீரைக்குப் போட்டாள். பச்சடிக்குப் போட்டாள். மோர்க்குழம்புக்குத் தேங்காய் அரைத்ததைக் கரைத்து ஊற்றினாள். கிழங்கு. கறிவேப்பிலை. நுரை கட்டியது. இறக்கினாள். ஜாடி பக்கமே கை போகவில்லை.

பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். வாய் திறந்தது. மூடிக்கொண்டேன். மணியை உருட்டினேன்.

சாத்தமுது தாளித்தாள். இன்னும் நேரம் இருந்தது. எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். அப்போதும் நேரம் இருந்தது. ரங்கு பெருமாள் முன் திரை போட்டான். மணி அடித்தது.

முதலில் ரங்கு சாப்பிட்டான். மோர்க்குழம்பில் கை ஒரு கணம் நின்றது. "பேஷ், நன்னாயிருக்கு" என்று எழுந்தான். அடுத்து நான். சப்பென்று இருந்தது. போட்ட சாதம் முழுக்கப் பிசைந்து சாப்பிட்டேன். கடைசியில் ஜெ. உட்கார்ந்தாள். முதல் வாய். முகம் அப்படியே வெளுத்தது.

"அம்மா, மோர்க்குழம்புல உப்பே போடலையே நான்! பெருமாளுக்கு இதையா... அய்யோ."

ரங்கு ஓடி வந்தான். "விடு ஜெயா. உப்பிலியப்பன் உப்பில்லாமத்தானே அமுது செய்யறார்? இன்னிக்கு நம்மாத்துக்கு வந்துட்டார்னு வெச்சுக்கோ."

"அங்கே அவரா உப்பு வேண்டாம்னு கேட்டுண்டார். இங்கே என் மறதி." அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீங்க பாத்துண்டே இருக்கேளே, தப்புன்னா சொல்லிடுவேள்னு இருந்தேன். அந்த தைரியத்துலதான் பண்ணினேன் அம்மா."

"நான் ஜபத்துல இருந்தேன். பாக்கலை" என்றேன். துளசிமணி இன்னும் கையில்.

பிப். 28, செவ்வாய்

ஜெ. நேற்று முழுக்க அப்புறம் சாப்பிடவில்லை. இன்று காலை காய் நறுக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றாள். "எனக்கு இன்னும் தகுதி வரலை. நீங்களே பண்ணுங்கோ."

ஆக அடுப்பு திரும்பி வந்துவிட்டது. கேட்டது கிடைத்தது.

கத்தரிக்காய்க் கறியமுது, பருப்பு, சாத்தமுது. உப்பை எடுத்தேன், போட்டேனா இல்லையா என்று சந்தேகம். மறுபடி எடுத்தேன், திரும்பக் கொட்டினேன். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. ருசி பார்க்கவும் வழியில்லை. பெருமாள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உப்பிலியப்பன் கதை போகவே மாட்டேன் என்கிறது. "சின்னப் பெண், உப்புப் போடக்கூடத் தெரியாது" என்று அப்பா தயங்கினார். "பரவாயில்லை, உப்பே வேண்டாம்" என்று பெருமாள் பெண்ணைக் கட்டிக்கொண்டார். அவருக்கு அடுப்படிப் பெண்ணிடம் குறை இல்லை. நேற்றும் இருந்திருக்காது. வாசலில் உட்கார்ந்திருந்தவளிடம்தான்.

சாயங்காலம் ரங்கு: "ஸ்வாமி வியாழக்கிழமை காலம்பற கிளம்பறாராம். நாளைக்கு ஜெயா ஸ்கூல் விட்டதும் மடத்துக்குப் போய் அபராதம் சொல்லிண்டு பிராயச்சித்தம் கேக்கப்போறாளாம். அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லேம்மா. நீ சொன்னா கேப்பா."

என் குற்றத்தை அவள் போய்ச் சொல்லப்போகிறாள். நாலு பேர் நடுவில்.

நான் படித்த கான்வென்ட்டில் சனிக்கிழமை தோறும் கிறிஸ்தவப் பெண்கள் வரிசையில் நிற்பார்கள். ஒரு மரப்பெட்டி, உள்ளே பாதிரியார் காது மட்டும். சொல்லிவிட்டு வந்து ரிங் டென்னிஸ் ஆடுவார்கள். எனக்கு அப்போதே பொறாமை. நமக்குப் பெட்டி இல்லை. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்.

மார்ச் 1, புதன்

வெயில். மாவடு சுருங்க ஆரம்பித்திருக்கிறது. குலுக்கி வைத்தேன்.

ஏழரைக்கு ஜெ. கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போனேன்.

"மோர்க்குழம்புல உப்பு இல்லைன்னு எனக்குத் தெரியும்."

"இப்போ எல்லாருக்கும்தான் தெரியும்மா."

"அப்பவே தெரியும். நீ எறக்கறச்சேயே."

ஈரத் துண்டோடு நின்றாள். "பாக்கலைன்னேளே?"

"பொய்."

"ஏன்?"

எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்: "நீ நன்னா பண்ணிடுவியோன்னு."

துண்டைக் கொடியில் போட்டாள். கிளிப் போட்டாள். இன்னொரு கிளிப். "என்மேல கோவம்னா என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே. பெருமாள் என்ன பண்ணினார்?"

"போயிட்டு வரேன்" சொல்லாமல் ஸ்கூலுக்குப் போனாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவை.

சாயங்காலம் வந்தாள். மடத்துக்குப் போகவில்லை. விளக்கேற்றும்போது நான் பெருமாளிடம் வாய்விட்டே சொன்னேன். ரங்கு பின்னால் நிற்கிறான் என்று தெரிந்தே. அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் அரை மணியில் மல்லிகையோடு வந்தான். பெருமாளுக்கு இரண்டு முழம். ஜெ.க்கு ஒரு முழம். எனக்கு, வேறென்ன, வாழைப்பழம்.

ராத்திரி இலை எடுக்கும்போது ஜெ. சொன்னாள்: "நாளைலேர்ந்து தளிகை நான். நீங்க சமையலறை வாசல்ல உக்கார வேண்டாம்மா. ஹால்ல உக்காருங்கோ."

"சரி" என்றேன்.

மார்ச் 2, வியாழன்

ஹாலில் உட்கார்ந்தேன். இங்கிருந்து அடுப்பு தெரியாது. செய்தித்தாளைத் தலைகீழாகக்கூடப் பிடித்திருப்பேன். காது மட்டும் உள்ளே. உருளி வைக்கிற சத்தம். களைகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. கடுகு. ஜாடி மூடி. மறுபடி ஜாடி மூடி. ஏன் இரண்டு தரம்? எழுந்து போகக் கால் துடித்தது. போகவில்லை.

திரை. மணி.

ரங்கு சாப்பிட்டு ஆபீஸ் போனான். எனக்கு இலை போட்டாள். பரிமாறிவிட்டுப் போகாமல் கரண்டியோடு நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"கறியமுதுல உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றேன்.

"சரி."

"பருப்பு சரியா இருக்கு."

"சரி."

சாத்தமுது சாப்பிட்டேன். மிளகு எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. புளி தொண்டையைப் பிடிக்கவில்லை. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும், வாய் வரவில்லை. நெஞ்சில் அதே எரிச்சல், அப்படியே இருக்கிறது.

கையைக் குழித்து நீட்டினேன். "இன்னும் கொஞ்சம் விடு" என்றேன். இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன்.