சுறா தாவியாவின் சாப்பாடு

புக்கோம், அக்ரா
மார்ச் மாதக் கடைசி

அன்புள்ள அயேலேவுக்கு,

தேதே அத்தை எழுதிக்கொள்வது. நீயும் உன் ஆட்களும் லண்டனுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக உன் அம்மா வந்து சொன்னாள். கேட்டு மனம் நிம்மதியானது. அந்தக் காமிராக்காரருக்கு வயிறு சரியாகிவிட்டதா? என் மிளகாய்ச் சாந்தை விரலால் வழித்துத் தின்ன வேண்டாம் என்று அவரிடம் அன்றைக்கே சொன்னேன். என் கடைக்கு இருபது வருஷமாக வருகிறவர்களே அதை யோசித்துத்தான் தொடுகிறார்கள்.

இங்கே எல்லோரும் சுகம். சோளமாவுக் கென்கே உருண்டை வியாபாரம் எப்போதும்போல. நீங்கள் போன பிறகு உன் மாமாதான் ஏங்கிப்போனார். காலையில் எழுந்து சவரம் செய்து, பழைய சிவப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறாராம். "எங்க அந்தப் படம் எடுக்கிற பொண்ணு? லாகோஸ்காரனை நான் சாய்ச்ச கதைய இன்னும் சொல்லவே இல்லையே" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்கிறாராம். அந்தக் கதையை எத்தனை தடவை உன் காமிராவில் சொன்னார் என்பது உனக்கே தெரியும்.

காமிரா முன்னால் எனக்கு வாய் வரவில்லை. உன் மாமா தாவியா எப்படி இப்படி ஆனார் என்று நீ கேட்டதற்கு இப்போது பதில் எழுதுகிறேன். தாவியா வலை இழுக்கிற வீட்டுப் பிள்ளை. எங்கள் தெருவில் பிள்ளைகள் சண்டை போட்டால் பெரியவர்கள் விலக்கிவிட மாட்டார்கள், வட்டமாக நின்று கைதட்டுவார்கள். அந்த வட்டத்திலிருந்துதான் அவர் வந்தார். ஆப்பிரிக்கக் குத்துச்சண்டைப் பட்டம் வாங்கி வந்த அன்று விமான நிலையத்திலிருந்து இந்தத் தெரு வரைக்கும் அவர் கால் தரையில் படவில்லை. சுறா, சுறா என்று கத்தியே பலருக்குத் தொண்டை போனது. கார் வாங்கினார். ஓட்டத் தெரியாது, அதற்குள் உட்கார்ந்துதான் சாப்பிடுவார். பிறகு குடி வந்தது, பெண்கள் வந்தார்கள். என் தாடை உடைந்ததும் அந்த நல்ல காலத்தில்தான். மான்செஸ்டரில் தோற்று வந்தபோது விமான நிலையத்தில் நான் ஒருத்தி மட்டும் நின்றேன். அதற்கப்புறம் யார் கூப்பிட்டாலும், எந்த ஊர்ச் சந்தை மைதானமானாலும் போய் அடி வாங்கினார். எல்லாம் சேர்ந்து இப்போது தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. நாங்கள் பிரிந்து வாழ்வதாக உன் ஆள் ஒருவர் காமிராவில் சொன்னாராம். நீயும் லண்டனில் வளர்ந்தவள்தானே, உனக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. நம் வழக்கப்படி நான் பெண்கள் வீட்டில் இருக்கிறேன், அவர் ஆண்கள் வீட்டில் இருக்கிறார். உன் பாட்டனாரும் அப்படித்தான் இருந்தார். பொழுது சாய்ந்ததும் மூடி போட்ட கிண்ணத்தில் சாப்பாடு எடுத்துக்கொண்டு தெருவைக் கடக்கிறேனே, அந்தக் கிண்ணம் போகிறவரைக்கும் நான் அவர் மனைவி. தாடை உடைந்த வருஷம் என் கிண்ணம் போகவில்லை. அப்போது அவர் வீட்டுப் பெரியவர்கள் ஜின் பாட்டிலோடு வந்து என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். அதன் பிறகுதான் போனது. தயவுசெய்து அந்தப் பேச்சைத் திருத்து.

இப்போது இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன். கடைசி நாள் சாயங்காலம் நீ எடுத்த அந்தக் காட்சி வேண்டாம். அவரால் மீனைப் பிய்க்க முடியாமல் நான் வாயில் ஊட்டினேனே, என்னை அம்மா என்று கூப்பிட்டாரே, அப்புறம் நடந்ததும்தான். ஒரு துண்டு மீனைப் பிடிக்க முடியாத அந்தக் கை என் கன்னத்துக்கு மட்டும் தப்பாமல் வந்தது. குடும்பத் தலைவர் அட்டா கோத்தே என்னைக் கூப்பிட்டு, "நம்ம வீட்டு ஆம்பளைக்குக் குழந்தைக்கு ஊட்டுற மாதிரி ஊட்டுறதை ஊரெல்லாம் பாக்கணுமா? அவன் அப்பன் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவான்" என்றார். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை, எனக்கும் வெட்கமாக இருக்கிறது. சுறாவை ஜனங்கள் சுறாவாகவே பார்க்கட்டும். அதை வெட்டி எடுத்துவிடு, மகளே.

உனக்கு எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் அத்தை,
தேதே

---

புக்கோம்
மே மாதம்

அன்புள்ள அயேலேவுக்கு,

உன் படம் வந்து சேர்ந்தது. ஹோமோவோ பண்டிகைக்காக மேளம் தடைசெய்யும் மாதம் தொடங்குவதற்கு முன்பே குத்துச்சண்டை முற்றத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டார்கள். நீ எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டாய். அந்தக் காட்சி இல்லை. கடைசியில் கடற்கரையில் விடியற்காலை வெயிலில் காற்றைக் குத்துகிறாரே, காமிராவைப் பார்த்து, "இன்னும் எனக்குள்ள பத்து ரவுண்டு இருக்கு" என்கிறாரே, அதைப் பார்த்து முற்றமே எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். அன்று வீட்டுக்குப் போகும்போது இளம்பெண் மாதிரி நடந்தேன்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. குமாசியிலிருந்து ஓபோக்கு என்று ஒருவர் வந்தார். பந்தயம் நடத்துகிறவர், வாயில் தங்கப் பல். உன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். "சுறாவை ரிங்குல மறுபடி பாக்க நாடே காத்துக்கிட்டு இருக்கு" என்றார். எதிரே நிற்கப் போகிறவனுக்கு இருபத்து நான்கு வயது. அட்டா கோத்தே சரி என்று தலையை ஆட்டினார். உன் மாமா கேட்கவே வேண்டாம், அவர் கையெழுத்துக்குப் பேனாவைத் தேடினார். ஜூனில் தடை முடிந்ததும் சண்டை. இந்த மாதம் சத்தம் போடக் கூடாது என்பதால் ஒலிபெருக்கி வண்டி இன்னும் வரவில்லை. ஆனால் சுவரெல்லாம் அவர் படம் ஒட்டியாகிவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. சண்டைக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்குப் போனேன். நல்ல மனிதர்கள்தான், உட்காரச் சொன்னார்கள். ஆனால் அவர்களின் டாக்டர் இவரைக் காலை வேளையில் பார்த்திருக்கிறார். காலையில் இவர் சிங்கம். பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், டாக்டருக்கே ரெண்டு குத்து கற்றுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சாயங்காலம் வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். அங்கிருந்தவர், "அம்மா, நாங்களும் படம் பாத்தோம். உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்காரு? புருஷன் மேல கோவம்னா வீட்ல தீத்துக்குங்க" என்றார். நாங்கள் பிரிந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பேச்சை மட்டும் நீ படத்திலிருந்து எடுக்க மறந்துவிட்டாய்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முன்பே சொன்னது உனக்குத் தெரியும். தலையில் இன்னும் ஒரு பலமான அடி விழுந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார். அந்தப் பையன் அடிக்காமலா இருப்பான்? அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை.

அதனால் கேட்கிறேன். நீ வெட்டியதை எனக்கு அனுப்பு. வெட்டச் சொன்னவளே திருப்பிக் கேட்கிறாளே என்று நினைக்காதே. அவருக்கு நான் ஊட்டுவது, அவர் என்னை அம்மா என்பது, என்னை அடிப்பது, எல்லாம் வேண்டும். என் கன்னத்தை மறைக்காதே. அலுவலகத்தில் போட்டுக் காட்டுவேன். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டால் முற்றத்துச் சுவரில் போடுவேன், இந்தத் தெரு பார்க்கட்டும்.

அட்டா கோத்தேயிடம் முதலில் சொல்லிவிட்டேன், திருட்டுத்தனம் எனக்குப் பிடிக்காது. அவர் நிதானமாகத்தான் பேசினார். "தேதே, அதை நீ வெளிய காட்டினா, உன் கிண்ணம் அப்புறம் இந்த வாசலைத் தாண்டாது. யோசிச்சுக்க" என்றார். யோசித்துவிட்டேன். உன் அம்மாவின் தம்பி ஜூன் முதல் வாரம் அங்கிருந்து வருகிறாராம், அவர் கையில் கொடுத்துவிடு. தபாலில் போடாதே. கெஞ்சிக் கேட்கிறேன், அயேலே. தாமதிக்காதே.

தேதே அத்தை

---

புக்கோம்
ஆகஸ்டு, ஹோமோவோ முடிந்த மறுநாள்

அன்பு மகள் அயேலேவுக்கு,

கேசட்டை உன் அம்மாவின் தம்பி விமானத்தை விட்டு இறங்கிய கையோடு கொண்டுவந்து கொடுத்தார். உடனே எழுதாததற்கு மன்னித்துக்கொள். எழுத உட்காரும்போதெல்லாம் அழுகை வந்தது.

சண்டை நடக்கவில்லை. முதலில் அந்தச் செய்தியைத் தெரிந்துகொள். அலுவலகத்தில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். என்னை வீட்டில் தீர்த்துக்கொள்ளச் சொன்னவர் எழுந்து வெளியே போய் நின்றார். ஆனால் அனுமதி கிடையாது என்று அவர்கள் சொன்னதை ஓபோக்கு ஏற்கவில்லை. அனுமதி இல்லாமலே வேறு ஊரில் நடத்திக்கொள்ளலாம் என்று தெருவைக் கிளப்பிவிட்டார். ஜனங்களும் என்னை ஏசினார்கள். மீன் விற்கிற ஒருத்தி, "புருஷன் ஜெயிச்சா பொறுக்காதவ" என்று என் கடை முன்னால் நின்று காறித் துப்பினாள். சரி, பாருங்கள் என்று ஒரு சாயங்காலம் முற்றத்துச் சுவரில் போட்டுவிட்டேன்.

உன் மாமாவும் வந்திருந்தார். சிவப்பு மேலங்கியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை வீட்டில் இருத்திவைக்க நான் எவ்வளவோ பார்த்தேன், கேட்கவில்லை. தன் படம் என்று சந்தோஷமாகக் கால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காட்சி வந்ததும் என் காதருகே குனிந்தார். "யாரு இந்தக் கிழவன்? பாவம், கை இப்படி ஆடுதே" என்றார். சுவரில் அந்தக் கை என் கன்னத்தில் விழுந்தது. இவர் எழுந்து நின்றுவிட்டார். அந்த முற்றத்தில் இத்தனை வருஷம் எல்லோரும் கேட்ட அதே குரலில் கத்தினார், அயேலே. "டேய்! சோறு ஊட்டுற பொம்பளையவா அடிக்கிற? நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? புடிங்கடா அவனை! அவனை ரிங்குக்குள்ள விடாதீங்க, செத்துப்போவான்!"

யாரும் சிரிக்கவில்லை. மீன்காரி துணியால் முகத்தை மூடிக்கொண்டாள். ஓபோக்கு எப்போது போனார் என்று தெரியவில்லை. மறுநாள் சுவரில் ஒட்டியதை எல்லாம் தெருக்காரர்களே கிழித்தார்கள்.

அவர் மட்டும் உட்கார்ந்த பிறகும் ஆறவில்லை. என்னைப் பார்த்து, "அந்தப் பொம்பளை இனிமே அவனுக்குச் சாப்பாடு கொண்டு வர மாட்டா பாரு. மானம் உள்ளவளா இருந்தா வர மாட்டா" என்றார். நான், "வருவா" என்றேன். "நீ யாரும்மா, அவளுக்குச் சொந்தமா?" என்று கேட்டார். ஆமாம், தூரத்துச் சொந்தம் என்றேன்.

அட்டா கோத்தே தன் வார்த்தையைக் காப்பாற்றினார். மறுநாள் சாயங்காலம் கிண்ணத்தோடு போனேன், வாசலிலேயே என்னைத் திருப்பி அனுப்பினார். அவரும் கண் கலங்கித்தான் நின்றார். ஆனால் சொன்னது சொன்னதுதான். இப்போது உன் மாமாவுக்கு அவருடைய தங்கை வீட்டிலிருந்து சாப்பாடு போகிறது. பாதி நாள் அதைத் தொடாமல் திருப்பி அனுப்புகிறாராம். என் பொண்டாட்டி கொண்டு வருவாள் என்று சொல்கிறாராம்.

நேற்றுப் பண்டிகை. மனஸ்தாபத்தை எல்லாம் தீர்த்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சாப்பாடு அனுப்பும் நாள். பாமாயில் ஊற்றிப் பிசைந்த சோளமாவும் எண்ணெய்ப் பனைப்பழக் குழம்பும் அவருக்குப் பிடித்த மாதிரியே செய்து எடுத்துப் போனேன். இன்றைக்காவது மனம் இரங்குவார்கள் என்று நினைத்தேன். இரங்கவில்லை. உள்ளே அவர் யாரிடமோ லாகோஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

நான் செய்ததற்கு வருந்தவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார், கதை சொல்கிறார், அது போதும். போதாதுதான், ஆனாலும் போதும் என்று வைத்துக்கொள்கிறேன்.

டிசம்பரில் வருவதாக உன் அம்மா சொன்னாள். நீ அந்த வீட்டுக்கு விருந்தாளி, உன்னை வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள். காலையில் போ, அப்போதுதான் சொன்னது காதில் ஏறும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று சொல்லிவிடு. அந்தப் பொம்பளை வராமல் இருக்கவில்லை, வாசல்வரை வந்தாள் என்று சொல்.

உன் கையால் செய்த சாப்பாடு போகிற இடத்தில் கதவு என்றைக்கும் திறந்திருக்கட்டும், மகளே.

உன் அத்தை,
தாவியாவின் மனைவி தேதே