கற்பூரம் எரிந்த கிணறு

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் பாம்புதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீட்டு பாத்ரூமில் சாரை. போர்டில் தீயணைப்பு நிலைய அலுவலர், பிழைப்பு பாம்பாட்டிப் பிழைப்பு.

நான் செஞ்சிக்கு மாற்றலாகி வந்தும் மனைவி ஷோபனா வேலூர் வேலையை விட்டு வரவில்லை. ரூமில் நானும் ஃபேனும். மத்தியானம் நிலையத்தில் பிரசாந்த் மீன் குழம்பு வைத்தான். தொண்டூர்க்காரன், நல்ல கைப்பக்குவம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து தின்னும் அந்த நேரம் மட்டும்தான் இந்த ஊரில் எனக்கு வீடு.

ஏப்ரல் 11, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமா?

தொண்டூரில் கிணறு தூர் வார, ஆயில் என்ஜினை உள்ளே திட்டில் இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்திருக்கிறார்கள். தனகோட்டி என்பவர் கீழேயே மயங்கி விழுந்தார். தூக்கப் போன அவர் தம்பியும் விழுந்தான். அப்புறம்தான் எங்களுக்குப் போன்.

போய்ச் சேர்ந்தபோது ஊரே கிணற்றடியில் நின்றது. வாளியில் கற்பூரம் கொளுத்தி இறக்கிப் பார்த்திருந்தார்கள். "கற்பூரம் நல்லா எரியுது சார்! காத்து இருக்குது, எறங்குங்க!"

மூடிக் கிடந்த பாழுங்கிணறு என்றால் அந்தச் சோதனைக்கு ஏதோ அர்த்தம் உண்டு. இது என்ஜின் புகை. இதில் நெருப்பு எரியும், மனுஷன்தான் அணைந்துபோவான். தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதில் விழுகிறது?

அதற்குள் பிரசாந்த் இடுப்பில் கயிறு கட்டிவிட்டான். "எங்க மாமா சார் அவுரு!" காலரைப் பிடித்து இழுத்துத் தரையில் உட்கார வைத்தேன். இறங்கப் பார்த்த ஊர்க்காரர்களையும் மறித்தேன். இரண்டு மூச்சுக்கருவிகளில் ஒன்று சிலிண்டர் நிரப்பப் போயிருந்தது. இருந்த ஒன்றை ஜேம்ஸ் மாட்டிக்கொண்டான். நிதானமானவன் அவன். மாட்டி, சரிபார்த்து, கயிறு கட்டி இறக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. தனகோட்டியின் மனைவி அம்மாக்கண்ணுவுக்கு அது கொஞ்ச நேரமா? என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"யூனிபாரம் போட்டுக்கினு வேடிக்கை பாக்க வந்தியா?"

தம்பி பிழைத்துவிட்டான். தனகோட்டிக்கு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 12

உடனே இறங்கியிருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம் மனுஷன்.

ஏப்ரல் 14, திங்கள்

தீயணைப்பு வாரம். பள்ளிப் பிள்ளைகள் முன்னால் தண்ணீர் பீய்ச்சிக் காட்டினோம், கைதட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். பிரசாந்த் தட்டை எடுத்துக்கொண்டு வண்டி ஷெட்டுக்குப் போனான். பின்னாலேயே மற்றவர்களும். ஜேம்ஸ் மட்டும் மரியாதைக்கு இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்தான். ஒரு பானைச் சோற்றுக்கு முன்னால் நான் ஒருத்தன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஓட்டலில் இட்லி. இனி இப்படித்தான்.

ஏப்ரல் 26, சனி

தனகோட்டிக்குக் கருமாதி. போகாதே என்று மனசு சொன்னது, போனேன். பந்தலுக்கு வெளியே நின்றேன். வாங்க என்று யாரும் சொல்லவில்லை. அம்மாக்கண்ணுவே எழுந்து வந்தாள்.

"கற்பூரம் எரிஞ்சிச்சே. அப்பறம் ஏன் வுடல?"

என்ஜின் புகையைப் பற்றிச் சொன்னேன். அதற்கு வாசனை தெரியாது, உள்ளே போகிறவனுக்கே தெரியாமல் ஆளைச் சாய்த்துவிடும், இறங்கினவர்கள் எல்லாரும் விழுந்திருப்பார்கள் என்றேன். தலையாட்டாமல் கேட்டாள்.

"அவுரு போயிட்டாரு. இப்ப இன்னாத்துக்கு எனக்குப் பாடம்?"

நியாயம்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

மே 6

ஷோபனா போனில் கேட்டாள். "எறங்க வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"இன்னும் நாலு பொணம்."

"அப்பறம் இன்னா? தூங்குங்க."

அவளுக்கு விஷயம் முடிந்தது. எனக்கு இனிமேல்தான் பயம். அடுத்த கிணற்றடியில் இந்தக் கை காலரைப் பிடிக்குமா? ஊர் கத்துகிற கத்தலுக்கு, திட்டு வாங்கப் பயந்து, எவனையாவது இறக்கிவிட்டால்? அவன் பிரசாந்தாக இருந்தால்?

மே 25, ஞாயிறு

மறுபடி தொண்டூர். மறுபடி கிணறு, உள்ளே என்ஜின், உள்ளே ஒருத்தன். மூச்சுக்கருவி இரண்டும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் ஆட்கள் கிணற்றை விட்டுத் தள்ளி நிற்கிறார்கள். இறங்கும் படியின் வாயில், குறுக்கே காலை நீட்டி அம்மாக்கண்ணு உட்கார்ந்திருக்கிறாள். புடவைத் தலைப்பு கிழிந்திருந்தது. யாரோ இழுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"கற்பூரம் எரியுது, வுடு சின்னம்மா!" என்று ஒருவன் அழுதுகொண்டே கெஞ்சினான்.

"அன்னிக்கும் எரிஞ்சிச்சிடா. வண்டி வந்தாச்சி, தள்ளு."

பிரசாந்த் மூச்சுக்கருவியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாரை இறுக்கச் சொல்லி என் முன்னால் முதுகைக் காட்டி நின்றான். மாமா விழுந்த ஊர். அனுப்பலாமா? தோளைப் பிடித்துத் திருப்பி முகத்தைப் பார்த்தேன். மூச்சு சீராக இருந்தது. இறுக்கிக் கட்டினேன்.

ஆளை உயிரோடு கொண்டுவந்தான். பிழைத்தவனின் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவின் காலில் விழப் போனாள். இவள் காலை இழுத்துக்கொண்டாள். "எயுந்திரு. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

ஆம்புலன்ஸ் போனதும், என்னைப் பார்க்காமல் என்னைத் தாண்டி நடந்து, தூரத்து வரப்பில் தனியாக உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் போக எனக்குத் தைரியம் வரவில்லை.