அச்சடித்த இருபது தாள்கள்

பூலாம்பாடி,
வியாழக்கிழமை.

அன்புத் தோழி மலர்க்கொடிக்கு,

இங்கே நான் நலம். மும்பையில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது தெரிந்ததும் என் கணவர் அண்ணாதுரை மூன்று நாள் துக்கம் காத்தார். நான்காம் நாள் என்னை நிறுத்த முடிவு செய்தார். சுயேச்சையான எனக்குச் சாலை உருளைச் சின்னம். எங்கள் தெருவுக்கு இதுவரை வந்த சாலைப் பணி அதுதான். நோட்டீசில் அவர் படம் பெரிது. என்னுடையது ரேஷன் கார்டு அளவு.

அறிவொளி இயக்கத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க, சிலேட்டுப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நீயும் நானும் ஏறி இறங்கிய அதே வாசல்களில்தான் இப்போது இவரோடு ஓட்டுக் கேட்கிறேன். அன்று நாம் யார் வீட்டுப் பெண்கள் என்று எவரும் கேட்கவில்லை. "டீச்சர் வந்துட்டாங்க" என்று பாய் விரித்தார்கள். இன்று "அண்ணாதுரை சம்சாரம் வந்திருக்கு" என்று ஆரத்தி எடுக்கிறார்கள். பொட்டு எனக்கு வைக்கிறார்கள், பேச்செல்லாம் அவரிடம்.

பொன்னம்மாளை நினைவிருக்கிறதா? வெங்காயம் அறுத்த கையோடு வந்து தன் பெயரை முதன்முதலாக எழுதியவள். அழிக்க மனமின்றிச் சிலேட்டையே வீட்டுக்குக் கொண்டுபோனாள்; அது உடைந்துவிட்டதாக நாம் ஆபீசில் பொய் சொன்னோம். நேற்று அவள் எங்களை வெயிலில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் தேடி எடுத்து, நோட்டீசை அச்சகத்தின் பெயர் வரை படித்தாள். "ஓட்டுப் போட்டா போதும் ஆயா, படிக்கல்லாம் வேணாம்" என்றார் இவர். "படிச்சுப் பாக்காம எதுலயும் கையெழுத்து வெக்காதேன்னு உம் பொண்டாட்டிதான் தம்பி சொல்லிக் குடுத்துச்சு" என்றாள். பிறகு என்னிடம், "ஜெயிச்சா கையெழுத்து நீங்க போடுவீங்களா டீச்சர், இந்தத் தம்பி போடுமா?" என்று கேட்டாள். சிரித்து வைத்தேன்.

சிரித்ததற்குக் காரணம் உண்டு. தலைப்பில் ‘வார்டு உறுப்பினர்’ என்று மட்டும் அச்சடித்த இருபது வெற்றுத் தாள்கள் ஒரு வாரமாக என் மேசையில் கிடக்கின்றன. வாக்குப்பதிவே சனிக்கிழமைதான். "அடியில கையெழுத்து மட்டும் போட்டு வெச்சிரு சுமதி, அப்புறம் உனக்கு அலைச்சல் வேணாம்" என்பது அவர் யோசனை. முப்பது வருஷத்தில் என் அலைச்சலைப் பற்றி அவர் கவலைப்பட்டது இதுவே முதல் முறை. நாளைக் காலைக்குள் வேண்டுமாம்.

இந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார். அந்தத் தாள்களில் இது ஒன்று. மிச்சம் பத்தொன்பது. அவற்றையும் உனக்கே எழுதித் தீர்ப்பதாக இருக்கிறேன். ஜெயித்தாலும் தோற்றாலும் பதில் போடு, மலர். தனியாக இவ்வளவு எழுதும் பழக்கம் விட்டுப்போயிற்று.

முழுவதும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடும்,
சுமதி