ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட்

என் அன்பானவருக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். வீட்டில் நான் பெருமூச்சு விட்டால்கூட உங்கள் அப்பாவுக்குக் கேட்கிறது. வெளியிலிருந்து பேசினாலோ, "அப்பாவைக் குறை சொல்லாதே" என்று நீங்கள் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே! ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் காத்திருக்கிறேன். நம் மகள் வாலு என் மடியில் தூங்குகிறாள். பயப்படாமல் முழுதும் படியுங்கள். நீங்கள் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பும் உங்கள் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளம் வடிந்ததும் சேற்றை அள்ளி, மெத்தைகளைத் தூக்கிப் போட்டு, ஒருவழியாக நிமிர்ந்தோம். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்து, பெயிண்டர் வீடே இந்தக் கதியா என்று உச்சுக் கொட்டினார்கள். ஊருக்கெல்லாம் பெயிண்ட் அடித்த உங்கள் அப்பா, மாமாவுக்குப் பொறுக்குமா? நான் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஈரச் சுவரிலேயே பெயிண்ட் அடித்துவிட்டார். தண்ணீரில் ஊறி உப்பியிருந்த ஜன்னல்களையும் இழுத்துச் சாத்தி, சட்டத்தோடு சேர்த்துப் பூசிவிட்டார். இப்போது கடப்பாரை போட்டாலும் திறக்காது. "சுவர் காயட்டும், அவசரப்படாதீங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்லும் மனிதர்!

வெளியிலிருந்து பார்த்தால் புது வீடு. உள்ளே பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்புகிறது, அதன் பின்னால் கறுப்பாகப் பூஞ்சை. துணியில், தலையணையில், சோற்றில்கூட அந்த வாடைதான். வாலுவுக்கு வீசிங் வந்துவிட்டது. பெயிண்டைச் சுரண்டி, ஜன்னலைத் திறந்து, சுவர் காயும்வரை பிள்ளை அங்கே படுக்கவே கூடாது என்கிறார் டாக்டர்.

பீரோவுக்குப் பின்னால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன். மாமா பார்த்துவிட்டார். "என் கையால அடிச்ச சுவத்தையா சுரண்டுற?" என்றார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சாப்பாடும் அரைகுறை. பிள்ளையைத் தூக்கிட்டு வந்துடுடி என்கிறாள் அக்கா. அப்பாவைத் தனியா விட்டுடாதே என்கிறீர்கள் நீங்கள். அக்கா வீட்டுக்குக் கூடவே வரச் சொன்னாலோ மாமா வாசற்படி தாண்ட மாட்டார். நான் எந்தப் பக்கம்தான் போவேன், சொல்லுங்கள். உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான்.

நேற்று வாலு தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். மூச்சு முட்டும்டி என்று அதட்டித் தூக்கினேன். "நான் இருமினா தாத்தா பாத்ரூமுக்குள்ள போய் அழுறாரும்மா" என்றாள்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் வாயால் சொல்ல முடியவில்லை, பாவம். நான் சொன்னால் மருமகள் பேச்சாகிவிடும். நீங்கள் போன் செய்யுங்கள். உத்தரவு போடாதீர்கள். ஒரு பெயிண்டரை வேலைக்குக் கூப்பிடுவது போல, வீட்டுச் சுவரைச் சுரண்டித் தரணும்ப்பா, நீங்கதான் முன்னாடி நின்னு செய்யணும் என்று கேளுங்கள். வேலைக்குக் கூப்பிட்டு அவர் வராமல் இருந்ததில்லை. தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள்.

எங்களைக் கூப்பிடுகிறார்கள். இவளை எழுப்பத்தான் மனம் வரவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு இங்கேதான் இருமாமல் தூங்குகிறாள்.

உங்களையே நம்பியிருக்கும்,
உங்கள் மனைவி